வாசகர் கேள்வி பதில்: ஹோமில் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும்

இரண்டு மாதமாக வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். மனநலம் பாதித்த அண்ணனை, அறிவு வளர்ச்சி குறைந்த மகளை எந்த ஹோமில் விடுவது, விட்டால் நன்றாகப் பார்த்துக்கொள்வார்களா? அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே. பெயர்களை எடுத்துவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது.

கேள்வி: எனக்கு வயது 69, மகனுக்கு 38. பிறந்ததிலிருந்தே அறிவு வளர்ச்சி குறைவு, நாலைந்து சொல்தான் பேசுவான். கணவர் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், போன வருடம் தவறிவிட்டார். முட்டி வலியோடு அவனைக் குளிப்பாட்டக்கூட என்னால் முடியவில்லை. மகள் பெங்களூரில். மூன்று ஹோம் போய்ப் பார்த்தோம். ஒன்றில் டைல்ஸ், ஏசி, வாசலில் பூச்செடி. ஒன்று பழைய ஓட்டு வீடு. எதை வைத்து முடிவு செய்வது? (சேலம்)

பதில்: அம்மா, நீங்கள் எத்தனை மணிக்குப் போய்ப் பார்த்தீர்கள்? காலை 11 மணிவாக்கில் போயிருப்பீர்கள், நிர்வாகி கூடவே வந்து சுற்றிக் காட்டியிருப்பார், எல்லோரும் குளித்துத் தலை வாரிப் பவுடர் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் எந்த ஹோமும் நன்றாகத்தான் இருக்கும். மாலை 6 மணிக்கு மேல் ஒருமுறை போங்கள். பகல் ஆட்கள் கிளம்பி ராத்திரி ஆள் வரும் நேரம் அது, எத்தனை பேருக்கு எத்தனை பேர் துணை என்பது அப்போதுதான் தெரியும். ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். சமையல் செய்பவர் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக ஐந்தரைக்கே சாப்பாடு போட்டு ஏழு மணிக்கு விளக்கை அணைக்கிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலை 8 மணி வரை வெறும் வயிறு என்றால், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்ன ஆவார் சொல்லுங்கள்.

அப்புறம் கழிவறை. கட்டாயம் உள்ளே போய்ப் பாருங்கள். கதவு இருக்கிறதா, அவசரத்துக்கு வெளியிலிருந்து திறக்கிற மாதிரி தாழ்ப்பாள் இருக்கிறதா, தரை வழுக்குகிறதா. கதவே இல்லாத இடத்தில் மகனை விடாதீர்கள், எவ்வளவு நல்லவர்கள் நடத்தினாலும் சரி. துணியைப் பற்றியும் கேளுங்கள். துவைத்த துணியை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்து, குளித்து வருகிறவருக்குக் கைக்கு வந்த சட்டையை மாட்டிவிடுவார்கள் பல இடங்களில். எங்கள் உறவில் ஒருவரைப் பார்க்கப் போனபோது, நாங்கள் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த நீலச் சட்டையை வேறு யாரோ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எங்கள் ஆள் பித்தான் இல்லாத சட்டையோடு இருந்தார். சட்டைதானே என்று அன்றைக்கு விட்டுவிட்டோம். அவருடைய மாத்திரையும் அதே மாதிரிதான் மாறிப் போய்க்கொண்டிருந்தது என்பது நாலு மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

நிர்வாகியிடம் பேசுவதைவிட அங்கே வேலை பார்க்கும் ஆயாவிடம் பேசுங்கள். எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவரைக் காட்டி, இவருக்கு என்ன பிடிக்கும் என்று கேளுங்கள். "பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று சொன்னால் ஒரு மாதிரி. "இவருக்குத் தயிர் ஆகாது, ரயில் சத்தம் கேட்டா எழுந்து ஜன்னல்கிட்டப் போயிடுவார்" என்று சொன்னால் அந்த ஓட்டு வீட்டையே நான் தேர்ந்தெடுப்பேன். ஒருவரைப் பற்றி இப்படி நாலு விஷயம் தெரிந்த ஆள் இருக்கிற இடத்தில்தான் அவருக்குக் காய்ச்சல் வந்தாலும் சீக்கிரம் கண்ணில் படும்.

பதிவுச் சான்றிதழைக் கேட்கத் தயங்காதீர்கள். உங்கள் மகனைப் போன்றவர்களுக்கான இல்லங்கள் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில், அனுமதியே இல்லாமல் வருடக்கணக்காக நடந்த ஒரு காப்பகத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். சொந்தக்காரரைத் தேடிப் போனவர்கள் அவர் அங்கே இல்லை என்று தெரிந்து புகார் கொடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. போய்ப் பார்க்க ஆள் இருந்ததால் வந்தது. ஒரேயடியாகச் சேர்க்காமல் முதலில் ஒரு வாரம் விட்டுப் பாருங்கள், பிறகு வீட்டுக்கு அழைத்து வாருங்கள். திரும்பப் போகும்போது ஹோம் வாசலில் அவன் முகம் எப்படி மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். பேசத் தெரியாதவன் என்றாலும் பதில் சொல்லிவிடுவான்.

இன்னொன்று, நீங்கள் மட்டுமே செய்யக்கூடியது. ஒரு நோட்டு வாங்கி அவனைப் பற்றி எழுதுங்கள். வயிறு வலித்தால் என்ன செய்வான், பல் வலித்தால் எங்கே அடித்துக்கொள்வான், எந்தப் பக்கம் படுத்தால் தூங்குவான், எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. 38 வருடமாக உங்கள் மனதில் இருப்பதெல்லாம் தாளில் வர வேண்டும். கன்னத்தில் அடித்துக்கொண்டே இருந்த ஒருவருக்கு மூன்று மாதம் மயக்க மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார்கள், கடைசியில் பார்த்தால் கடைவாய்ப் பல் சொத்தை. அம்மா இருந்திருந்தால் ஒரே நாளில் சொல்லியிருப்பார்.

காகித வேலையும் இரண்டு இருக்கிறது. 18 வயது முடிந்தவருக்குத் தாய் என்றாலும் நீங்கள் தானாகச் சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட மாட்டீர்கள். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையில் மாவட்டத்தில் ஒரு உள்ளூர்க் குழு உண்டு, அதில் விண்ணப்பித்துப் பாதுகாவலர் நியமனம் வாங்க வேண்டும். உங்களுக்குப் பிறகு யார் என்று இப்போதே மகளோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். அடுத்தது, கணவர் அரசு ஊழியர் என்பதால் உங்கள் காலத்துக்குப் பிறகு, சம்பாதிக்க முடியாத மகனுக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி இருக்கிறது. அதற்கு அவன் பெயரும் மருத்துவச் சான்றும் ஓய்வூதிய அலுவலகத்தில் முன்கூட்டியே பதிவாகியிருப்பது நல்லது, நீங்கள் நடமாட முடிகிறபோதே அதை முடித்துவிடுங்கள்.

கேள்வி: என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். அவனை விட்டிருக்கும் இடத்தில் அறிவு வளர்ச்சி குறைந்தவர்களையும் ஒரே ஹாலில் வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே என்கிறார்கள். (திருச்சி)

பதில்: ஒன்று இல்லை. உங்கள் தம்பிக்கு வந்திருப்பது நோய், மருந்தால் குறையும், கூடும், நன்றாக இருக்கிற மாதங்களும் உண்டு. மற்றவர்களுடையது பிறவியிலோ சின்ன வயதிலோ வந்த வளர்ச்சிக் குறைவு, அதற்கு மருந்து கிடையாது, பயிற்சியும் துணையும்தான். சட்டமும் வேறு வேறு. தம்பி இருக்க வேண்டிய இடம் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, அந்தச் சட்டம் அறிவு வளர்ச்சிக் குறைவை மனநோய் என்ற விளக்கத்திலிருந்தே விலக்கிவிட்டது. இரண்டும் சேர்ந்து இருப்பவர்களும் உண்டு, அவர்களுக்கு இரண்டும் தெரிந்தவர்கள் வேண்டும். ஒரே ஹாலில் எல்லோரையும் அடைக்கும்போது நடப்பது என்னவென்றால், எல்லோருக்கும் ஒரே மாத்திரை, ஒரே டிவி, ஒரே தூக்க நேரம். தம்பிக்கு வேலைப் பயிற்சி ஏதாவது உண்டா என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: அக்காவுக்கு 45 வயது. இரண்டு வருடமாக ஹோமில். எப்போது போனாலும் தூங்கி வழிகிறார், கை நடுங்குகிறது, 15 கிலோ கூடிவிட்டார். கேட்டால் "முன்னால ரொம்ப சத்தம் போடுவாங்க, இப்ப அமைதியா இருக்காங்க, சந்தோஷப்படுங்க" என்கிறார்கள். நான் மாத்திரையை நிறுத்தச் சொல்லலாமா? (கோயம்புத்தூர்)

பதில்: நிறுத்தச் சொல்லாதீர்கள். சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பும், சிலவற்றை நிறுத்தினால் வலிப்பு வரும். ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது, விடாதீர்கள். அமைதியாக இருப்பதும் குணமாவதும் ஒன்றில்லை. நன்றாக இருக்கிறார் என்றால் உங்களைப் பார்த்ததும் நாலு வார்த்தை பேச வேண்டும், வீட்டில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும், இந்தச் சாம்பார் நன்றாக இல்லை என்று குறை சொல்லவாவது வேண்டும்.

இப்போதைய மருந்துச் சீட்டின் நகலை வாங்குங்கள். சிகிச்சைப் பதிவுகளைப் பெறும் உரிமை உங்கள் அக்காவுக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. அவர் தன் நியமனப் பிரதிநிதியாக, அதாவது தன் சார்பில் பேச அவரே தேர்ந்தெடுக்கும் ஆளாக, உங்களை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், ஹோமிலும் டாக்டரிடமும் நீங்கள் பேசுவது இன்னும் எளிது. டாக்டர் கடைசியாக எந்தத் தேதியில் அவரை நேரில் பார்த்தார் என்று கேளுங்கள். பழைய சீட்டையே மாதாமாதம் மருந்துக் கடையில் நீட்டி வாங்கிக் கொடுக்கிற இடங்கள் இருக்கின்றன, அங்கேதான் முன்பு சத்தம் போட்ட நாட்களுக்காகக் கொடுத்த அளவு வருடக்கணக்கில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

சீட்டில் ஓலான்சபின், குளோசபின் போன்ற பெயர் இருந்தால், எடை கூடுவதும் சர்க்கரை வருவதும் அந்த மருந்துகளோடு சேர்ந்தே வரக்கூடியவை, ரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் பார்த்தார்களா என்று கேட்க வேண்டும். குளோசபின் என்றால் வெள்ளை அணுக்களை ஆரம்பத்தில் வாராவாரம், பிறகு மாதாமாதம் பார்த்தே ஆக வேண்டும். அதோடு மலச்சிக்கலும். வெட்கப்படாமல் கேளுங்கள், அந்த மருந்தில் மலச்சிக்கல் குடல் அடைப்பு வரைக்கும் போய் உயிரையே எடுத்திருக்கிறது, அதனால் யார் எப்போது மலம் கழித்தார் என்பது எழுதிவைக்க வேண்டிய விஷயம். லித்தியம் என்றால் ரத்தத்தில் அதன் அளவு, தைராய்டு, சிறுநீரகம். வெயில் காலத்தில் தண்ணீர் குறைவாகக் குடித்தால் அந்த அளவு ஏறி, நடுக்கம், தள்ளாட்டம் எல்லாம் வரும். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பெரும்பகுதி இதயம், சர்க்கரை, நுரையீரல் என்று தடுக்கக்கூடிய உடல் நோய்களால்தான். ஹோமில் மனநல டாக்டர் வருகிறாரா என்று கேட்கிற நாம், பொது மருத்துவர் வருகிறாரா என்று கேட்பதே இல்லை.

முடிந்தால் இரண்டு நாள் வீட்டுக்கு அழைத்து வந்து, மாத்திரையைச் சரியான நேரத்தில் நீங்களே கொடுத்து, வேறொரு மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். ஹோம்காரர்கள் கோபித்துக்கொள்வார்களே என்று பயப்பட வேண்டாம். இரண்டாவது கருத்துக் கேட்டதற்காகக் கோபப்படுகிற இடம் என்றால், அதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டிய தகவல்தான்.

கேள்வி: நான் ஒரு மனநலக் காப்பகத்தில் அட்டெண்டர். ராத்திரி ஷிஃப்டில் 32 பேருக்கு நான் ஒருத்தன். கட்டக்கூடாது, பூட்டக்கூடாது என்று எழுதுகிறவர்கள் ஒரு ராத்திரி வந்து பாருங்கள். என்னை இரண்டு முறை கடித்திருக்கிறார்கள். (ஊர் குறிப்பிடவில்லை)

பதில்: தம்பி, 32 பேருக்கு ஒருத்தன் என்பது உங்களுக்கும் ஆபத்து, அவர்களுக்கும் ஆபத்து. கோபத்தை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சங்கிலி விஷயத்தில் விட்டுக்கொடுக்க என்னால் முடியாது. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. விடிவதற்கு முன் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது, காலில் சங்கிலி இருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் எரிந்து இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, அங்கிருந்த தனியார் காப்பகங்கள் மூடப்பட்டன, 500 பேருக்கு மேல் அரசின் பொறுப்பில் வந்தார்கள். அன்றைக்கும் அங்கே காவலுக்கு இருந்தவர்கள் "வேறு வழியில்லை" என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இப்போது சட்டம் தெளிவு. எந்த வடிவத்திலும் சங்கிலி போடக்கூடாது, மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் போகாமல் உடலைக் கட்டுப்படுத்தலாம். அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அவருடைய பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். நீங்கள் படிக்க வேண்டியது 97-ஆம் பிரிவில் இன்னொரு வரி: ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி ஒருவரைக் கட்டிவைக்கக்கூடாது. உங்களைத் தனியாக விட்டுவிட்டு, வேண்டுமானால் கட்டிப்போடு என்று சொல்கிற நிர்வாகிக்கு எதிரான வரி அது. நாளைக்குப் பிரச்சினை என்று வந்தால் கட்டிய கை உங்களுடையது, அவர் ஊரில் இருக்க மாட்டார். ராத்திரிக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். கடித்த இரண்டு முறையையும் தேதியோடு எழுதிக் கொடுங்கள்.

கடித்தவர் எந்த நேரத்தில் கடித்தார் என்று யோசித்துப் பாருங்கள். நான் பார்த்த ஒருவர் தினமும் ராத்திரி 8 மணிக்குத்தான் அடிப்பார். சீரியல் சத்தம், அதே நேரத்தில் மாத்திரைக்கு வரிசையில் நிற்கவைப்பது, இரண்டும் சேர்ந்து அவருக்குத் தாங்காது. அவருக்கு மட்டும் ஏழரைக்கே வராந்தாவில் வைத்து மாத்திரை கொடுக்க ஆரம்பித்தார் ஒரு ஆயா, யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானே கண்டுபிடித்தது. பத்து நாளில் அடி நின்றது. இதற்கெல்லாம் பயிற்சி இருக்கிறது, அதைக் கொடுக்க வேண்டியது உங்கள் முதலாளி. நீங்கள் வாங்குகிற சம்பளத்துக்கு இதையெல்லாம் எதிர்பார்ப்பதும் அநியாயம்தான். ஹோமின் தரம் பற்றிப் பேசுகிற குடும்பங்கள் அட்டெண்டருக்கு என்ன சம்பளம், வார லீவு உண்டா என்றும் கேட்க வேண்டும்.

கேள்வி: பெற்ற பிள்ளையை ஹோமில் விடுவது பாவமா? (தஞ்சாவூர்)

பதில்: இல்லை அம்மா. விட்ட பிறகு பார்க்கப் போகாமல் இருப்பதுதான் தப்பு. மாதம் இரண்டு முறை, அதில் ஒரு முறை சொல்லாமல் போங்கள்.

கேள்வி: எனக்கு 51 வயது. ஆறு வருடமாக ஹோமில் இருக்கிறேன். ஒழுங்காக மாத்திரை போடுகிறேன், நாலு வருடமாக எந்தப் பிரச்சினையும் இல்லை, இங்கே சமையலுக்குக் காய் நறுக்கிக் கொடுக்கிறேன். அண்ணன் பணம் கட்டுகிறார், ஆனால் வீட்டுக்கு வர வேண்டாம் என்கிறார், அண்ணிக்குப் பிடிக்கவில்லையாம். முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே நைட்டி. பெரிய ஆசை எதுவும் இல்லை, விடியற்காலை ஐந்து மணிக்கு நானே டீ போட்டுக் குடிக்க வேண்டும். நான் இங்கேயேதான் சாக வேண்டுமா? (செங்கல்பட்டு மாவட்டம்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். வேண்டாம், நீங்கள் அங்கேயே இருந்து சாக வேண்டியதில்லை. குடும்பம் ஏற்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகவோ போக இடமில்லை என்பதற்காகவோ ஒருவரைக் காப்பகத்திலேயே வைத்திருக்கக்கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. குடும்பம் கைவிட்டவர்களுக்கு உதவியும், வெளியே வாழ்வதற்கான இல்லங்களும் ஏற்படுத்துவது அரசின் கடமை என்றும் அதே பிரிவில் இருக்கிறது. ஒட்ட வெட்டுவதும் ஒரே நைட்டியும் பற்றி 20-ஆம் பிரிவு. கட்டாயமாக மொட்டையடிக்கக்கூடாது, விருப்பப்பட்டால் சொந்தத் துணியை உடுத்த விட வேண்டும், சீருடை போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக்கூடாது. காய் நறுக்குவதும் உங்கள் விருப்பமாக இருக்க வேண்டும், அதற்கு உரிய கூலியும் தர வேண்டும்.

எந்த வகையில் உங்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். நீங்களே கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவர் என்றால், போகிறேன் என்று கேட்டதும் பொதுவாக அனுப்பியாக வேண்டும், மனநல நிபுணருக்குச் சந்தேகம் இருந்தால் மதிப்பீடு செய்ய 24 மணி நேரம் வரை நிறுத்தலாம். அண்ணன் சேர்த்தது என்றால் முதலில் 30 நாள்தான். அதற்கு மேல் வைத்திருக்க இரண்டு மனநல மருத்துவர்கள் பார்த்திருக்க வேண்டும், இப்படிச் சேர்ப்பதைச் சரிபார்க்க அந்தச் சட்டப்படி அமைக்கப்பட்ட மனநல மறுஆய்வு வாரியம் அனுமதித்திருக்க வேண்டும், அதுவும் 90 நாள், 120 நாள், 180 நாள் என்று ஒவ்வொரு முறையும் புதுப்பித்து. ஆறு வருடத்தில் வாரியத்திலிருந்து யாராவது உங்களிடம் வந்து பேசினார்களா? இல்லையென்றால் வாரியத்துக்கு நீங்களே எழுதலாம். வக்கீல் வேண்டும் என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைப்பார். போன் பேச விட்டால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ், தமிழிலேயே பேசுவார்கள், யாரை அணுகுவது என்று கேளுங்கள்.

வெளியே எங்கே போவது என்ற பயம் இருக்கும். அண்ணன் வீடு மட்டும்தான் வீடு என்றில்லை. 1993-இல் சென்னையில் தொடங்கிய பேன்யன் அமைப்பு, பல வருடம் காப்பகத்தில் இருந்த பெண்களை நாலைந்து பேராகச் சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் குடிவைக்கிறது, உதவிக்கு ஒரு ஆள் இருப்பார். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் நல்ல முன்மாதிரிகளைத் தொகுத்தபோது அந்தத் திட்டத்தையும் சேர்த்தது. அங்கே யார் எப்போது எழுந்திருக்க வேண்டும், என்ன சமைக்க வேண்டும் என்பதை அந்த வீட்டில் இருப்பவர்களே முடிவு செய்கிறார்கள். பக்கத்துக் கடையில் கடன் சொல்லிப் பால் வாங்குகிறார்கள், எதிர்வீட்டுக்காரரோடு தண்ணீர்க் குழாய்க்குச் சண்டையும் போடுகிறார்கள்.

வாரியத்துக்கு எழுதும்போது உங்கள் பெயர், சேர்ந்த தேதி, ஹோமின் பெயர், டாக்டர் கடைசியாகப் பார்த்த தேதி, நாலு வருடமாக நன்றாக இருக்கிறேன் என்பது எல்லாம் எழுதுங்கள். வெள்ளைத்தாள் போதும், தமிழில் போதும். விடியற்காலை டீ விஷயத்தையும் அப்படியே எழுதுங்கள், சின்ன விஷயம் என்று விட்டுவிட வேண்டாம். கடிதத்தைத் தபாலில் போட அங்கே யாரும் உதவவில்லை என்றால், எனக்கு எழுதியதைப் போலவே இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். வாரியத்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்து, வாங்கிய ரசீதை உங்களுக்கு அனுப்புகிறேன்.